காலையின் முதல் கேள்வி

"ராத்திரி எத்தன லாட் எறங்குச்சு?"

1993இல் நான் லேப் பையனாகச் சேர்ந்த திருப்பூர்ச் சாயப்பட்டறையில் பொழுது இந்தக் கேள்வியோடுதான் விடியும். ஆறரை மணிக்கு முதலாளியின் எம்.80 உள்ளே வரும். ஸ்டாண்டு போடும்போதே கேட்டுவிடுவார். ஒரு தடவை சாயம் போட்டு எடுக்கிற துணிக்கு லாட் என்று பெயர். எட்டு என்றால் முகம் மலரும். ஐந்து என்றால், யார் மேல் தப்பு என்று விசாரிக்க மாட்டார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சாயமேற்றும் விஞ்ச் மிஷின் பக்கம் போய் அவரே நின்றுவிடுவார்.

"நேத்து ரெகவரி எவ்வளவுங்கண்ணா?"

இது இன்றைய கேள்வி. அதே இடம், அதே கம்பெனி, அவருடைய மகன். எட்டு மணிக்கு வாட்ஸ்அப்பில் வரும். 92 என்று பதில் போட்டால் ஒன்றும் சொல்ல மாட்டார். 89 என்றால் எந்த மெம்பரேன், எந்த ஷிஃப்ட், யார் டியூட்டி என்று வரிசையாகக் கேட்பார். சாயம் போட்டு வெளியே வந்த கழிவுத் தண்ணீரில் நூற்றுக்கு எத்தனை பங்கைச் சுத்தம் செய்து திரும்ப மிஷினுக்கே கொண்டுவந்தோம் என்ற கணக்குக்குத்தான் ரெகவரி என்று பெயர்.

முப்பது வருடத்துக்கு மேலாக ஒரே கூரையின் கீழ் இரண்டு முதலாளிகளைப் பார்த்துவிட்டேன். ஒரு கம்பெனி எந்தத் திக்கில் போகும் என்பதை அதன் தலைவர் காலையில் முதலில் எதைக் கேட்கிறார் என்பதை வைத்தே சொல்லிவிடலாம். கீழே இருக்கிற நாங்கள் எல்லோரும் அந்த ஒரு கேள்விக்குப் பதில் தயார் செய்யத்தான் நாள் முழுக்க ஓடுகிறோம். அவர் கேட்காத எதையும் நாங்கள் எண்ணுவதில்லை. பெரியவர் இருந்த காலத்தில் எவ்வளவு தண்ணீர் உள்ளே வந்தது, எவ்வளவு வெளியே போனது என்று எழுதி வைக்க எங்களிடம் ஒரு நோட்டுகூட இருந்ததில்லை.

பெரியவர் விவசாயி வீட்டுப் பிள்ளை. ஊருக்குக் கிழக்கே நொய்யல் கரையில் தோட்டம். அதை ஈடு வைத்துத்தான் பட்டறை போட்டார். அங்கே வேலை செய்த அத்தனை பேர் வீட்டுப் பிள்ளைகளின் பெயரும் அவருக்குத் தெரியும். என் அப்பாவுக்கு ஆபரேஷன் என்றபோது நான் வாய் திறந்து கேட்கவில்லை. சட்டைப் பையில் இருந்ததை எண்ணிக்கூடப் பார்க்காமல் என் கையில் திணித்து, "மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போ கண்ணு" என்றார். அந்தக் கடனை அவர் எந்தக் கணக்கிலும் எழுதவில்லை. அவரைப் பற்றி நான் எழுதுகிற ஒவ்வொரு வரியிலும் அந்த நன்றி இருக்கிறது. இருந்தும் எழுதத்தான் வேண்டியிருக்கிறது.

அவருடைய தொழிலை வளர்த்தது துணிச்சல். ஒருநாள் சாயந்திரம் ஒரு பனியன் கம்பெனிக்காரர் வேர்த்து விறுவிறுத்து வந்தார். 2 டன் துணி, நேவி ப்ளூ, மூன்றே நாளில் வேண்டும். நாலைந்து பட்டறைகளில் கையை விரித்துவிட்டார்கள். எங்கள் முதலாளி ஒரு நிமிடம் யோசிக்கவில்லை. "கொண்டாங்க, நாம பாத்துக்கலாம்." மூன்று ராத்திரி ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. அவரும் போகவில்லை. துணி போய்ச் சேர்ந்தது. அந்தக் கம்பெனி அதற்குப் பிறகு வேறு பட்டறையை ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

பாத்துக்கலாம் என்ற அந்த ஒரு சொல்லில் அவருடைய சுபாவம் முழுவதும் இருந்தது, கம்பெனியின் திட்டமும் அதுதான். மிஷின் வாங்கப் பணம் இல்லையா, பாத்துக்கலாம். கரண்ட் இல்லையா, பாத்துக்கலாம். கழிவுத் தண்ணீர் பற்றி மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திலிருந்து கடிதம் வந்திருக்கிறதா, அதற்கும் அதே பதில்தான். முன்னிரண்டு இடத்திலும் அவரைத் தூக்கிவிட்ட குணம், மூன்றாவது இடத்தில் ஓர் ஆற்றையே கொண்டுபோய்விட்டது.

எப்படி என்று லேப்காரனாக நான் சொல்லியாக வேண்டும். பருத்தித் துணியில் ரியாக்டிவ் சாயம் தானாக ஏறாது. உப்பு போட்டுத்தான் அதைத் துணியின் பக்கம் தள்ள வேண்டும். அடர்ந்த ஷேடு என்றால் லிட்டருக்கு 60 கிராம் உப்பு சாதாரணம். ஒரு கிலோ துணிக்கு 8 லிட்டர் தண்ணீர் என்று வைத்தாலே ஏறக்குறைய அரைக் கிலோ உப்பு. அந்தக் காலத்து விஞ்ச் மிஷின் அதைவிட இரண்டு பங்குக்கு மேல் தண்ணீர் குடிக்கும், உப்பும் அதே கணக்கில் ஏறும். சாயத்தில் பெரும்பங்கு துணியோடு போய்விடும். உப்பில் ஒரு சிட்டிகைகூடத் துணியில் நிற்காது. போட்ட மூட்டை அத்தனையும் தண்ணீரோடு வெளியே வரும். 90களின் கடைசியில் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன, நாங்களும் பங்கு போட்டுச் சேர்ந்தோம். சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு நிறத்தை எடுத்தார்கள். உப்பை எடுக்க அங்கே வழியே இல்லை. தண்ணீர் தெளிந்து போனது, உப்பு கரித்துக்கொண்டே போனது. கரைந்த உப்பைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்தவன் நான், எனக்குத் தெரியும்.

1997 ஐப்பசியில் ஓர் இரவு. கழிவுத் தொட்டி விளிம்பு வரை நிரம்பியிருந்தது. பத்தரை மணிக்கு மழை பிடித்தது. முதலாளி குடையோடு தொட்டி மேட்டுக்கு வந்து என் பக்கத்தில் நின்றார். என் தலைக்கு மேலும் குடையைச் சாய்த்துப் பிடித்தார், அது நன்றாக நினைவிருக்கிறது.

"தொறந்து உட்ரு கண்ணு. மழத்தண்ணியோட போயிரும்."

வால்வுச் சக்கரம் துருப்பிடித்துக் கிடந்தது. இரண்டு கையாலும் பிடித்து உடம்பைக் கொடுத்துத் திருப்பினேன். முதலில் அசையவில்லை. பிறகு ஒரு கிறீச் சத்தம், அடுத்து குழாய்க்குள் தண்ணீர் இரைகிற சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தேன். பகலில் நீலமாகத் தெரிகிற தண்ணீர், டார்ச் வெளிச்சத்தில் மை மாதிரி கறுப்பாகப் பள்ளத்தில் இறங்கிப் போனது. மேலே கொஞ்சம் நுரை. அரை மணி நேரம் நின்றோம். அவர் என் மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததா என்று விசாரித்தார். தொட்டி காலியானதும் "மூடிரு" என்றார். உள்ளங்கை இரண்டிலும் துரு. சோப்புப் போட்டுக் கழுவியும் ரேகைக்குள் இருந்தது போகவில்லை. சக்கரத்தைத் திருப்பியது என் கை. அவர் சொன்னார் என்று இன்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

இப்படி எத்தனையோ பட்டறை, எத்தனையோ மழை ராத்திரி. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவையையும் திருப்பூரையும் தாண்டி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிற ஆறு நொய்யல். அதன் குறுக்கே 1992இல் ஒரத்துப்பாளையத்தில் அணை கட்டினார்கள், பாசனத்துக்கு என்று. சில வருடங்களிலேயே அது சாயத்தண்ணீர் தேங்குகிற குட்டையாகிவிட்டது. அணை வந்தால் நாலு போகம் பார்க்கலாம் என்று காத்திருந்த கீழ்ப்பாசன விவசாயிகளே, தயவுசெய்து தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று மன்றாட வேண்டிய நிலை வந்தது. அந்தப் பக்கத்து ஊர்க் கிணற்றுத் தண்ணீரில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது.

அதில் ஒரு கிணறு என் முதலாளியுடையது. நோம்பிக்கு அவருடைய ஊருக்குப் போயிருந்தபோது என்னைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனார். வாய்க்காலில் குனிந்து ஒரு கை தண்ணீர் அள்ளி நாக்கில் வைத்தார். துப்பினார். வரப்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் தென்னைகளைப் பார்த்தார். மட்டை பழுத்துத் தொங்கிக்கொண்டிருந்தது. ஏதோ மாறப்போகிறது என்று அன்று நான் நினைத்தேன். திரும்பி வருகிற வழியில் புது மிஷின் பற்றிப் பேசினார். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு விலைக்கு வருகிறது, வாங்கிப் போடலாம் என்று இருக்கிறேன் என்றார். வாங்கவும் செய்தார்.

அந்த மௌனத்தை நான் பல வருடம் யோசித்திருக்கிறேன். கரிப்பு அவருக்குத் தெரியாமல் இல்லை, நாக்கில் வைத்துத் தெரிந்துகொண்டார். ஆனால் எதுவும் தன் கையை மீறிப் போகாது என்று நம்பியே வாழ்ந்த மனிதருக்கு, மீறிப் போனதை ஒத்துக்கொள்வது தோற்பது போல் ஆகிவிடுகிறது.

அதே காலத்தில் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் இன்னொரு முதலாளி இருந்தார். ரே ஆண்டர்சன். 1973இல் இன்டர்ஃபேஸ் என்று தரைவிரிப்புக் கம்பெனி தொடங்கியவர். நூல், சாயம், பெட்ரோலியத்தில் எடுத்த இழை என்று எங்கள் தொழிலுக்குப் பங்காளி முறை. 1994இல் அவருக்கு 60 வயது. சுற்றுச்சூழலுக்கு உங்கள் கம்பெனி என்ன செய்கிறது என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கினார்கள். அதற்காகக் கம்பெனிக்குள் அமைத்த குழுவில் வந்து பேசுங்கள் என்று அவரை அழைத்தார்கள். பேச அவரிடம் ஒன்றுமில்லை. சட்டத்துக்குக் கட்டுப்படுகிறோம் என்பதைத் தவிர ஒரு வார்த்தை தோன்றவில்லை. அந்த நேரத்தில் பால் ஹாக்கன் எழுதிய புத்தகம் ஒன்று அவர் மேஜைக்கு வந்து சேர்ந்தது. படித்தபோது நெஞ்சில் ஈட்டி பாய்ந்ததுபோல் இருந்தது என்று பின்னாளில் போகிற இடமெல்லாம் சொன்னார். 2020க்குள் பூமிக்குத் தன் கம்பெனியால் ஒரு கெடுதலும் இருக்கக் கூடாது என்று இலக்கு வைத்தார். புத்தி பிசகிவிட்டது என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். 2011 ஆகஸ்ட்டில் அவர் இறந்துபோனார். இலக்கை எட்டிவிட்டதாக 2019இல் கம்பெனி அறிவித்தது.

அதே கேள்வி என் முதலாளிக்கும் வந்தது. கீழ்ப்பாசன விவசாயிகள் கேட்டார்கள், நீதிமன்றம் கேட்டது, கடைசியில் அவருடைய கிணறே கேட்டது. ஆண்டர்சனிடம் பதில் இல்லை, அதனால் தேடினார். எங்கள் முதலாளியிடம் ஒரு பதில் எப்போதும் தயாராக இருந்தது.

என் மகள் கோவையில் எம்.பி.ஏ. படித்தபோது ஒருநாள் ஓர் ஆராய்ச்சியைப் பற்றிச் சொன்னாள். சாட்டர்ஜி, ஹாம்ப்ரிக் என்ற இருவர் 2007இல் வெளியிட்டது. கம்ப்யூட்டர் தொழிலில் 111 தலைமை நிர்வாகிகளை எடுத்துக்கொண்டு, யார் எவ்வளவு தற்பெருமைக்காரர் என்று அளந்திருக்கிறார்கள். நேரில் கேட்டால் யார் சொல்வார்கள்? அதனால் ஆண்டறிக்கையில் அவர் போட்டோ எத்தனை பெரிது, பத்திரிகைச் செய்தியில் அவர் பெயர் எத்தனை தரம் வருகிறது, பேட்டியில் நான் என்கிறாரா நாங்கள் என்கிறாரா, அடுத்த நிலை அதிகாரியைவிடச் சம்பளம் எத்தனை மடங்கு என்று பார்த்திருக்கிறார்கள். பெருமை கூடக் கூட, கம்பெனியின் திட்டங்கள் அடிக்கடி மாறுகின்றன, பெரிது பெரிதாகக் கை வைக்கிறார்கள், லாபமோ நஷ்டமோ இரண்டுமே பெரிதாக வருகின்றன என்பது அவர்கள் கண்டது.

நான் எங்கள் முதலாளியை அந்தத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஆபீஸில் முருகன் காலண்டர் இருந்தது, அவர் போட்டோ இல்லை. இறந்த பிறகுதான் மாலை போட்டு மாட்டினோம். நான் என்று அவர் பேசிக் கேட்டதே இல்லை, எப்போதும் நாம. அந்தக் கணக்கின்படி அவரைப் போல அடக்கமானவர் கிடையாது. அந்த நாம என்ற சொல்லுக்குள் நான் இருந்தேன், என் அப்பாவின் ஆபரேஷன் இருந்தது, பட்டறைக்காரர்கள் எல்லோரும் இருந்தோம். ஒரத்துப்பாளையத்துக்காரர்கள் இல்லை. ஒரு தலைவரின் மனசு எவ்வளவு பெரிது என்று அளக்கிறவர்கள், அது எந்த ஊரோடு நின்றுபோகிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

2011 ஜனவரி 28. ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஏற்பாடு செய்யும் வரை சாயப்பட்டறைகள் ஓடக் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. 2006இல் கெடு கொடுத்து, லிட்டர் கணக்கில் அபராதம் போட்டு, உச்ச நீதிமன்றம் வரை போய், எல்லாக் கெடுவும் தாண்டிய பிறகு வந்த உத்தரவு. 700க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. கரண்டைத் துண்டித்தார்கள். மிஷின் சத்தம் இல்லாத பட்டறையில் பெரியவர் காலையில் வழக்கம்போல ஆறரைக்கு வந்தார். எத்தனை லாட் என்று கேட்க ஒன்றுமில்லை. நாற்காலியைப் போட்டுக் கேட்டுக்கு நேரே உட்கார்ந்திருந்தார். "எல்லாரும் சாப்டாச்சா?" என்று மட்டும் கேட்டார். பட்டறை மறுபடி ஓடியதை அவர் பார்க்கவில்லை.

சின்னவரை நான் மிஷின் சந்தில் ஒளிந்து விளையாடுகிற பையனாக அறிவேன். தம்பி என்றுதான் கூப்பிடுவேன். பொறுப்புக்கு வந்த முதல் வாரத்தில் மற்றவர்கள் முன்னால் அப்படிக் கூப்பிட்டுவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் நிமிர்ந்து பார்த்தார். அடுத்த நாளிலிருந்து சார்.

அவர் செய்த முதல் காரியம் பொள்ளாச்சித் தோப்பை விற்றது. அந்தப் பணத்தோடு பேங்க் கடனும் சேர்த்து பயாலஜிக்கல் தொட்டி, ஆர்.ஓ., எவாப்பரேட்டர் என்று வரிசையாகப் போட்டார். பழைய மிஷின்களைத் தூக்கிவிட்டுத் தண்ணீர் குறைவாகக் குடிக்கிற மிஷின்களைக் கொண்டுவந்தார். அவசர ஆர்டர், ஒருநாள் ஆர்டர் எதையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்தார். அப்பாவை நம்பி வந்த பழைய பார்ட்டிகளில் பாதிப் பேர் போய்விட்டார்கள். ஐரோப்பாக்காரன் ஆடிட் செய்து சான்றிதழ் கேட்கிற கம்பெனிகளை மட்டும் பிடித்தார். சுத்திகரிப்புக்கு மட்டும் ஒரு கிலோ துணிக்கு இத்தனை ரூபாய் என்று பில்லில் தனியாகவே எழுதினார். பெரியவர் இருந்திருந்தால் அந்த வரியை அடித்துவிட்டிருப்பார். பழகினவரிடம் அதற்கெல்லாம் காசு கேட்பதா என்று வெட்கப்பட்டிருப்பார்.

நொய்யலுக்குள் எங்கள் பட்டறையிலிருந்து ஒரு சொட்டு போவதில்லை. இதை நான் சத்தியம் பண்ணிச் சொல்வேன். ஒருநாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு எவாப்பரேட்டர் பம்ப் நின்றுவிட்டது. வெளியே நல்ல மழை. ஆர்.ஓ. ஒதுக்கிய உப்புத் தண்ணீர் நிற்கிற ரிஜெக்ட் தொட்டி ஏறிக்கொண்டே வந்தது. பயந்துகொண்டே போன் போட்டேன். "எல்லா மிஷினையும் நிறுத்துங்க" என்றார். உள்ளே ஓடிக்கொண்டிருந்த லாட் கெட்டுப்போகும் என்றேன். "தெரியும். நிறுத்துங்க." இரண்டே வாக்கியம். 600 கிலோ கறுப்புத் துணி திட்டுத்திட்டாகப் போனது. நான் துரு அப்பிய என் பழைய உள்ளங்கையை நினைத்துக்கொண்டு ஈரத்தில் நின்றேன். அழுகை வந்தது.

அதே சின்னவருக்கு மிஷினில் நிற்கிற ஒடிசாப் பையன்களில் ஒருவர் பெயரும் தெரியாது. போன வருடம் அவர்களில் ஒருவன் ஊரில் அம்மாவுக்கு முடியவில்லை என்று அட்வான்ஸ் கேட்டு வந்தான். போனிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஹெச்.ஆர். கிட்டச் சொல்லுங்க" என்றார். ஹெச்.ஆரில் ஃபாரம் கொடுத்தார்கள். மூன்று நாள் ஆனது. நான் என் கையில் இருந்ததைக் கொடுத்து அனுப்பினேன். பெரியவருடைய சட்டைப் பை என் கண் முன்னால் நின்றது. இரக்கம் உள்ளவர் ஆற்றைக் கெடுத்தார், ஆற்றைக் காப்பாற்றுகிறவருக்கு இரக்கப்படத் தெரியவில்லை. இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்திருக்கக் கூடாதா என்று இந்த வயதிலும் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது.

பெரிய இடத்திலும் இதுதான் நடக்கிறது. யூனிலீவருக்கு 2009இல் தலைமை நிர்வாகியாக வந்த பால் போல்மன், மூன்று மாதத்துக்கு ஒருமுறை லாப எதிர்பார்ப்பு சொல்கிற வழக்கத்தை நிறுத்தினார், 2010இல் நிலைத்த வாழ்வுக்கென்று ஒரு பெருந்திட்டம் அறிவித்தார். உலகமே கொண்டாடியது. அதே குழுமத்தின் இந்தியக் கம்பெனி கொடைக்கானலில் நடத்திய பாதரச தெர்மாமீட்டர் தொழிற்சாலை, பழைய இரும்புக் கடையில் பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவு கண்டுபிடிக்கப்பட்டு 2001இலேயே மூடப்பட்டிருந்தது. முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருக்கான உடன்பாடு வர 2016 ஆகிவிட்டது, அதுவும் முந்திய வருடம் சோஃபியா அஷ்ரஃப் பாடிய வீடியோ உலகம் முழுக்கப் பரவிய பிறகு. நல்ல மனசுக்காரர் தலைமையில் இருந்தபோதும் மலை மேலே இருந்தவர்களுக்கு ஏழு வருடம் பிடித்தது. போல்மன் போய், அவருக்கு அடுத்தவரும் போய், 2024இல் புது பிளாஸ்டிக்கைப் பாதியாகக் குறைப்போம் என்ற இலக்கையும் தளர்த்திவிட்டார்கள். ஒருவருடைய சுபாவத்தில் மட்டும் நிற்கிற நல்ல காரியம் அவர் நாற்காலியோடு போய்விடும். எங்கள் சின்னவரைப் பிடித்து நிறுத்துவதில் அவர் குணத்துக்குப் பாதிப் பங்கு என்றால், நீதிமன்றத்துக்கும் வாரியத்தோடு இணைத்திருக்கிற மீட்டருக்கும் மீதிப் பங்கு. அந்த மீட்டரை நான் கும்பிடாத குறை.

போன மாதம் உப்பு ஷெட்டில் கணக்கெடுத்தோம். ஆர்.ஓ.வில் கழிந்து, எவாப்பரேட்டரில் விறகு எரித்துக் காய்ச்சி, கடைசியில் மிஞ்சுகிற கலப்பு உப்பு அது. சாம்பல் நிறம், உள்ளே சாய வாடை. திரும்ப மிஷினில் போட்டால் ஷேடு கெடும். எடுத்துக்கொள்ள ஆளில்லை. மண்ணில் கொட்டக் கூடாது. மூட்டை கட்டி, தேதி எழுதி, கூரைக்கு அடியில் அடுக்கியிருக்கிறோம். அடியில் இருக்கிற மூட்டைகள் ஈரம் கோர்த்துக் கல்லாகிவிட்டன. முதல் ஷெட் நிரம்பி, இரண்டாவது நிரம்பி, மூன்றாவதில் பாதி. மேலே ஒரு தகரம் விலகியிருந்தது. அந்த இடத்தில் மழை ஒழுகி, தரையில் வெள்ளைப் பொருக்கு வாசல் வரை கோடு போட்டிருந்தது.

நான் குனிந்து விரலில் தொட்டு நாக்கில் வைத்தேன். துப்பினேன். சின்னவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு வருசத்துல இதுவும் நெறஞ்சிருமுங்க சார். அப்புறம் எங்க வெக்கறது?"

அவர் அந்த அடுக்கை அடியிலிருந்து உச்சி வரை பார்த்தார். கையில் இருந்த போன் அதிர்ந்தது, எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, முப்பது வருடத்துக்குப் பிறகு அச்சு அசல் அதே குரலில் சொன்னார்.

"பாத்துக்கலாமுங்கண்ணா."

தகரத்தைச் சரிசெய்ய ஏணி கொண்டுவரச் சொன்னேன். நோட்டில் அன்றைய தேதி போட்டு, மூட்டை எண்ணிக்கையை எழுதினேன்.